ஆரியா என்றால் இறக்கு

என் வயசுக்காரர்களே, நீங்கள் எல்லோரும் விமானத்தில் போய் வந்திருப்பீர்கள். பிள்ளைகள் டிக்கெட் எடுத்துக் கொடுத்திருப்பார்கள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மேகத்தைப் பார்த்தேன் என்று பார்க்கில் வந்து சொல்கிறீர்கள், நானும் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் ஒன்பது வயசில், கையில் வேலோடு, ஆகாயத்திலிருந்து நேராக இறங்கியவன் உங்களில் யாராவது உண்டா? நான் இறங்கினேன். காட்டுப்பள்ளிக் குப்பத்து ஜனம் மொத்தமும் கண்ணால் பார்த்தது.

பெருமைக்காகச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். மூணாங் கிளாசுக்கு மேல் படிக்காதவன் நான். இன்றைக்கு எண்ணூரிலிருந்து மணலி வரைக்கும் பெரிய இரும்பை எங்கே தூக்க வேண்டுமென்றாலும் என் கிரேனுக்குத்தான் ஆள் வருகிறது. இதெல்லாம் எங்கே ஆரம்பித்தது என்று கேட்பவர்களுக்கு நான் தொழிலைச் சொல்வதில்லை. ஒரு நாடகத்தைச் சொல்வேன்.

வெள்ளைக்காரன் போய் இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். ராயபுரத்தில் எங்கள் தெருவில் ஒரு நாடக சபா இருந்தது. பெரும்பாலும் துறைமுகத்திலும் இரும்புப் பட்டறையிலும் வேலை செய்கிறவர்கள். நடிப்பதற்குக் காசு வாங்கமாட்டார்கள். வருஷா வருஷம் மாசி மகம் முடிந்த கையோடு கால்வாயில் ஒரு உப்புப் படகைப் பிடித்துக்கொண்டு வடக்கே கிளம்புவார்கள். திருவொற்றியூர், எண்ணூர், காட்டுப்பள்ளி என்று குப்பம் குப்பமாக இறங்கி நாடகம் போட்டுவிட்டு, கறுத்துப்போய்த் திரும்புவார்கள்.

அதற்கான ஏற்பாடு பொங்கல் முடிந்ததுமே ஆரம்பமாகிவிடும். காசிமேட்டில் படகு செப்பனிடும் கொட்டகை ஒன்று. உள்ளே போனால் தாரும் மீனெண்ணெயும் கலந்த வாசனை மூக்கில் ஏறும். அதில்தான் ஒத்திகை. எங்கள் படுதா கப்பல் தார்ப்பாயில் தைத்தது. ஒரு பக்கம் அரண்மனை, திருப்பிப் போட்டால் காடு. அரண்மனைத் தூணை உற்றுப் பார்த்தால் பழைய கப்பல் கம்பெனியின் எழுத்து அடியில் மங்கலாகத் தெரியும். கிரீடங்கள் பிஸ்கட் டின் தகரத்தில் வெட்டி, சிகரெட் பெட்டி ஜரிகைத்தாள் ஒட்டினவை. பகலில் பார்த்தால் பிஸ்கட் டின்தான். காஸ் லைட் ஏற்றிவிட்டால் ஐயோ, கண் கூசும். அந்தக் கிரீடத்தில் ஒன்று இன்று கிடைத்தால் என்ன விலையும் கொடுப்பேன்.

ஷிப்டு வேலைக்காரர்கள் ஆனபடியால் எல்லோரும் ஒன்றாகச் சேரவே முடியாது. வராத ஆளுக்குப் பதிலாக ஒரு கிருஷ்ணாயில் டின்னை அவர் நிற்க வேண்டிய இடத்தில் வைத்துவிட்டு ஒத்திகையை நடத்துவார்கள். டின்னைப் பார்த்துக் கோபப்படுவார்கள், டின்னின் காலில் விழுவார்கள். நான் சின்னப் பையன், எனக்கு அதில் சிரிப்பே வராது. டின்னே ராஜாவாகத் தெரியும்.

நாடகம் எழுதுகிறவர், சொல்லித் தருகிறவர் எல்லாம் ஒருவரே. துறைமுகத்தில் குமாஸ்தா. எல்லோரும் அவரை வாத்தியார் என்பார்கள். நடிகர்களில் முக்கால்வாசிப் பேருக்கு எழுத்து தெரியாது. அவர் வாசிக்க, இவர்கள் திருப்பிச் சொல்லிச் சொல்லிக் காதாலேயே பாடம் ஏற்றுவார்கள். அப்படி ஏறின பாடம் சங்கிலி மாதிரி. ஒரு கண்ணியைத் தொட்டால் அடுத்தது தானே வரும். நடுவில் ஒன்றை எடுத்துவிட்டால் மிச்சம் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது.

அந்த வருஷத்து நாடகத்தில் ராஜா செத்துக் கிடப்பார். ராணி மாரடித்து அழுவாள். அவள் அழுகைக்கு இரங்கி முருகன் ஆகாயத்திலிருந்து இறங்கி வந்து ராஜாவை எழுப்புவார். ராணி என் அம்மாவின் தம்பி, என் மாமன். பட்டறையில் சம்மட்டி அடிக்கிறவர். தோள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக நேரமாகும். ஆனால் புடவை கட்டி, டோப்பா வைத்து, குரல் எடுத்தால் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். ராஜா எங்கள் மளிகைக்கடை அண்ணாச்சி. தெற்குச் சீமையிலிருந்து வந்தவர். படகுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் அவர் கடையிலிருந்து வந்ததால் வருஷா வருஷம் அவர்தான் ராஜா. பேசினால் திருநெல்வேலி வாடை அடிக்கிறது என்று வாத்தியார் அவரைச் சீக்கிரமே சாகடித்துவிடுவார்.

முருகன் நான். என் மூஞ்சி லட்சணத்துக்காக இல்லை, எடைக்காக. ஆகாயத்திலிருந்து இறங்குவது என்பது என் நைனாவின் யோசனை.

நைனா துறைமுகத்தில் வின்ச்சு ஓட்டுகிறவர். கப்பலின் வயிற்றிலிருந்து சரக்கைக் கயிற்றில் தூக்கிக் கரையில் வைக்கிற வேலை. வின்ச்சுக்காரன் நிற்கிற இடத்திலிருந்து சரக்கு தெரியாது. விளிம்பில் நின்று எட்டிப் பார்க்கிற ஆள் கத்துகிற சொல்தான் அவனுக்குக் கண். அங்கே இறக்கு என்பதற்கு ‘ஆரியா’ என்பார்கள். எந்த நாட்டுச் சொல்லோ, எந்தக் கப்பலில் வந்து இறங்கியதோ. இழுத்துச் சொன்னால் மெல்ல இறக்கு, வெடுக்கென்று சொன்னால் வெடுக்கென்று இறக்கு. நைனா சபா சகாக்களிடம், “நான் தூங்கும்போது காதாண்ட வந்து ஆரியான்னு சொல்லிப் பாரு, கை தானா வுடும்” என்று பீற்றிக்கொள்வார். பீற்றிக்கொள்வது எங்கள் குடும்பத்தில் பரம்பரை.

கொட்டகைக் குறுக்குக் கட்டையில் ஒரு கப்பியை மாட்டினார். கித்தானில் எனக்கு ஒரு அரைக்கச்சை தைத்தார். அதன் முதுகில் ஒரு கொக்கி. முதல் தரம் கயிற்றை இழுத்தபோது என் கால் தரையை விட்டது இன்னும் உள்ளங்காலில் இருக்கிறது. எல்லோருடைய தலையும் எனக்குக் கீழே. வாத்தியார் வழுக்கையை அன்றுதான் பார்த்தேன். வாயைத் திறந்தபடி தொங்கினேன்.

ராணி அழுகையும் நான் இறங்குவதும் தனித்தனியாகத்தான் ஒத்திகை ஆகிக்கொண்டிருந்தன. மாமன் அழும் நேரத்தில் நைனாவுக்கு ஷிப்டு. இரண்டையும் ஒட்டி ஒரே மூச்சில் பார்ப்பது என்று ஒரு நாள் வைத்தார்கள். என்னை மேலே ஏற்றி வைத்தாயிற்று. அழுகை முடிந்ததும் வாத்தியார் ஊதல் ஊதுவார், நைனா இறக்க வேண்டும். அண்ணாச்சி கடையில் இருந்ததால் செத்த ராஜா கிருஷ்ணாயில் டின்.

மாமன் டின்னின் மேல் விழுந்து, நெஞ்சிலடித்துக்கொண்டு, “ஆரியா! என்னைத் தனியே விட்டுப் போனீரோ!” என்றார்.

நான் மாமன் முதுகின் மேல் வந்து விழுந்தேன். டின் உருண்டது. டோப்பா என் கையில்.

“மச்சான்! கொழந்தைய மேல வெச்சிகினு இன்னாய்யா வெளாட்டு இது?” என்று மாமன் எகிறினார்.

“நீதானடா ஆரியான்ன!”

“நான் என் புருசனக் கூப்ட்டேன்யா!”

விஷயம் அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. வாத்தியார் எழுதின ராணி தன் புருஷனை ஆரியா, ஆரியா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தான் அழுவாள். உயர்ந்தவனே என்று அர்த்தமாம். அந்தச் சொல்லை வைத்து வெளியே கட்சிக்காரர்கள் வேறு மாதிரி சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் கொட்டகைச் சண்டை கயிற்றுச் சண்டை.

நைனாவின் காதில் பஞ்சு வைத்துப் பார்த்தார்கள். ஊதல் கேட்கவில்லை, நான் மேலேயே தொங்கினேன். பஞ்சை எடுத்தார்கள், பாதி அழுகையில் வந்து விழுந்தேன். சொல்லை மாற்றலாமே என்று யாரோ சொன்னார்கள். வாத்தியாரும் முறைக்கவில்லை, “ஆரியாவுக்குப் பதில் நாதா என்று சொல்லிப் பார்” என்றார். மாமன் “நாதா” என்று ஆரம்பித்தார். அது போன வருஷத்து நாடகத்து ராணியின் சொல். அந்தக் கண்ணியைத் தொட்டதும் பாடம் போன வருஷத்துக்குப் போய்விட்டது. செத்த ராஜாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, தொலைந்துபோன மான்குட்டியைத் தேடி அழ ஆரம்பித்தார். வாத்தியார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“சொல்லை மாற்ற முடியாது. கயிறு பிடிக்கிற ஆளை மாற்றலாம்” என்றார்.

“என் புள்ளைய வேற எவன் கையிலயும் குடுக்கமாட்டேன்” என்றார் நைனா.

“உன் கையி ஒயுங்கா இருந்தா ஏன்யா இந்தப் பேஜாரு? கை ஆடிப்போச்சு உனுக்கு” என்று மாமன் சொல்லிவிட்டார்.

வின்ச்சுக்காரனைப் பார்த்துச் சொல்லக் கூடாத வார்த்தை அது. நைனா கயிற்றைச் சுருட்டி ஆணியில் மாட்டினார். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சில்லை.

நான் அழுதேன். ஏங்கி ஏங்கி அழுதேன். இங்கேதான் பெரியவர்களின் கணக்கு தப்பியது. நான் பயந்துபோய் அழுகிறேன் என்று அத்தனை பேரும் நினைத்தார்கள். வாத்தியார் தண்ணீர் கொடுத்தார். அம்மா விபூதி போட்டு, “தொங்கற வேஷம்னா எம்புள்ள வேணாம், ஆமா சொல்ட்டேன்” என்றாள். எனக்கு ஒரு துளி பயமில்லை. மறுபடியும் ஏற்றமாட்டார்களே என்றுதான் அழுதேன். எதற்கடா அழுகிறாய் என்று ஒருவர் கேட்கவில்லை. என் பிள்ளைகள் அழுதபோது நானும் கேட்டதில்லை, அது வேறு கதை.

கடைசியில் ஒரு பலகையில் முருகனை வரைந்து, அதைக் கயிற்றில் நைனாவே இறக்குவது என்று முடிவானது. பலகை விழுந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. நான் படுதாவுக்குப் பின்னால் நின்று முருகனின் வசனத்தை மட்டும் சொல்ல வேண்டும். அந்தப் பலகை முருகனுக்கு ஒரு தோள் ஏறி ஒரு தோள் இறங்கி, மூட்டை சுமந்தவர் மாதிரி இருந்தார்.

மாசி மகம் முடிந்தது. படகு கிளம்பியது. தார்ப்பாய், மூங்கில், ஆர்மோனியப் பெட்டி, அரிசி மூட்டை, அதன் மேல் நாங்கள். கரையில் இரண்டு பேர் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு நடப்பார்கள். காற்று அடித்தால் பாய் விரிப்பார்கள். திருவொற்றியூர் தாண்டினால் அந்தக் காலத்தில் புகை ஏது, குழாய் ஏது. தண்ணீர் கண்ணாடி மாதிரி. நைனா படகின் முன்னால், மாமன் பின்னால். நடுவில் நானும் பலகை முருகனும்.

சடையங்குப்பம் பக்கம் வரும்போது மாமன் பீடியைத் தண்ணீரில் போட்டுவிட்டு என்னிடம் நகர்ந்து வந்தார்.

“இன்னாடா, மூஞ்சிய இப்டி வெச்சிகினுக்கீற? அன்னிக்கு ரொம்ப மெர்சலாயிட்டியா?”

“இல்ல மாமா.”

“அப்பால ஏண்டா அப்டி அயுத?”

“மறுபடியும் மேல ஏத்தச் சொல்லு மாமா.”

மாமன் என்னைப் பார்த்தார், முன்னால் உட்கார்ந்திருந்த நைனாவின் முதுகைப் பார்த்தார், பலகை முருகனைப் பார்த்தார். “அடப்பாவி” என்று மட்டும் சொன்னார்.

அந்த வருஷம் முதல் ஆட்டம் காட்டுப்பள்ளியில். சவுக்குக் கம்பு நட்டு, தோணிப் பலகை பரப்பி மேடை போட்டார்கள். விடியற்காலம் கடலுக்குப் போகிற ஜனம் ஆனதால் பொழுது சாயும்போதே நாடகம் ஆரம்பிக்க வேண்டும். மாமன் என்னைப் படுதாவுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். தன் கையாலேயே எனக்கு அரிதாரம் பூசினார். பீடியும் தேங்காயெண்ணெயும் மணக்கிற விரல், சம்மட்டி பிடித்துக் காய்த்த விரல், என் கண் இமையில் மை எழுதும்போது அவ்வளவு மெதுவாக வந்தது. கித்தான் கச்சையைக் கட்டினார். பலகையைக் கழற்றி மணலில் குப்புறப் போட்டுவிட்டு, கொக்கியை என் முதுகில் மாட்டி, கயிற்றை இரண்டு தரம் சுண்டினார்.

அந்தப் பக்கத்தில் நைனா இழுத்தார். ஒரு முழம் இழுத்ததும் கயிறு நின்றது. கயிறு கைக்கு வந்ததுமே அது பலகை இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. படுதா ஓரமாக எட்டிப் பார்த்தார். நான் தரைக்குக் கொஞ்சம் மேலே, கிரீடத்தோடு, கையில் வேலோடு. பக்கத்தில் புடவை கட்டின மாமன், இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

“இன்னா பாக்குற மச்சான்? இஸ்து கட்டு.”

“நீ அந்த வார்த்தைய சொல்வியேடா!”

“அயுது முடிக்கிறப்பதான் சொல்வேன். அதுக்கு முன்னாடி எவன் சொன்னாலும் காதுல வாங்காத.”

“காதா வாங்குது? கை வாங்குதேடா!”

“உன் கையி ஆடலன்னு காட்டு” என்று சொல்லிவிட்டு மாமன் ராணியாகி உள்ளே போய்விட்டார்.

நைனா என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். கயிறு ஏறியது.

மேடைக்கு மேலே தொங்கின ஜாலர்த் துணிக்குப் பின்னால் நான் இருந்தது கீழே யாருக்கும் தெரியாது. எனக்கு எல்லாம் தெரிந்தது. ஒரு பக்கம் கடல், வெளிச்சம் வடிந்துகொண்டே போகிறது. மறு பக்கம் கால்வாய், அதில் கடைசிச் சிவப்பு ஒரு கோடாக. இரண்டுக்கும் நடுவில் மணல் திட்டு, அதில் காஸ் லைட் வெளிச்சம், அந்த வெளிச்சத்தில் முகங்கள். தாயின் மடியில் கிடக்கிற குழந்தை முகம் முதல் பல் போன கிழவர் முகம் வரை, அத்தனையும் என் காலடியில் மேடையையே பார்த்துக்கொண்டு. உலகத்தை இப்படிப் பார்க்கிறவர்தான் சாமி போலிருக்கிறது என்று நினைத்தேன். மூச்சுவிடக்கூட மரியாதையாக விட்டேன். அதற்கப்புறம் எத்தனையோ உயரம் ஏறிவிட்டேன், அந்த உயரம் வரவில்லை.

கீழே ராஜா செத்தார். மாமன் அவர் மார்பில் விழுந்தார். “நாதா! என்னைத் தனியே விட்டுப் போனீரோ!”

மாமன் போன வருஷத்துக்குப் போய்விடுவாரே!

பக்கத்துத் தட்டியில் புத்தகத்தோடு நின்ற வாத்தியாருக்கு மேலே நான் இருப்பது தெரியாது. மாமன் பாடம் மறந்துவிட்டார் என்று நினைத்து, “ஆரியா... ஆரியா...” என்று எடுத்துக் கொடுத்தார்.

நான் ஒரு சாண் இறங்கினேன். கயிறு நடுங்கி நின்றது. நைனா துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு கயிற்றைச் சவுக்குக் கம்பத்தில் ஒரு சுற்று சுற்றியது மேலேயிருந்து தெரிந்தது.

“அம்மோவ், சாமி காலு தெரீது!” என்று முன்வரிசையில் ஒரு குழந்தை கத்தியது.

செத்துக் கிடந்த அண்ணாச்சி ஒரு கண்ணைத் திறந்தார். உதடு அசையாமல், “ஏ அம்மா தாயே, பய உசுரோட தொங்குதாம்லா” என்றார்.

“சாவுய்யா ஒயுங்கா” என்று மாமன் அழுகையோடு அழுகையாகச் சொன்னார்.

வாத்தியார் விடுவதாக இல்லை. “ஆரியா!” என்று இன்னும் உரக்கச் சொன்னார். அது நைனாவுக்குக் கேட்காமல் இருக்க மாமன் குரலை உயர்த்தினார். வாத்தியார் உயர்த்த உயர்த்த மாமன் இன்னும் உயர்த்தினார். பாடம் கைவிட்டுப் போய்விட்டது. மான்குட்டி வந்தது, போனது. அப்புறம் வந்ததெல்லாம் வாத்தியார் எழுதினதில்லை. செத்த புருஷனைப் பார்த்து ராயபுரத்துப் பெண் எப்படி அழுவாளோ அப்படி அழுதார். “எந்திரிய்யா! உன்ன நம்பித்தானே வந்தேன்! வூட்ல ஒல கொதிக்குதே, யாருக்குய்யா நான் சோறு போடுவேன்!” குப்பத்துப் பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். கடலுக்குப் போனவன் திரும்பாத வீடுகள் அங்கே எத்தனை இருந்தனவோ. வாத்தியார் சொல் நின்றது. எட்டிப் பார்த்தேன், அவரும் புத்தகத்தை மூடிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது மாமன் இரண்டு கையையும் மேலே தூக்கி, தொண்டை கிழிய, நீட்டி அழைத்தார்.

“ஆரி... யா...!”

நைனாவின் கை கேட்டது. நான் இறங்கினேன். நீட்டின சொல்லுக்கு எப்படி இறக்க வேண்டுமோ அப்படி, எண்ணெய் வழிகிற மாதிரி இறங்கினேன். ஜாலரைத் தாண்டி வெளிச்சத்துக்குள் வந்ததும் ஜனம் எழுந்து நின்றது. படகு வேலைக்காரர்கள் அல்லவா, அவர்களுக்கும் அந்தச் சொல் தெரியும். யாரோ ஒருவர் தணிந்த குரலில் ஆரம்பித்தார், பிறகு எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். “ஆரியா... ஆரியா...” கும்பிட்ட கையோடு, சாமியை இறக்கினார்கள்.

தரைக்கு ஒரு சாண் இருக்கும்போது கயிறு நின்றது. ஜனத்தின் குரலும் அடங்கியது. நைனா விடவில்லை. என் கால் மேடையைத் தொடாமல் ஆடியது. கடைசிச் சாணில்தான் சரக்கு உடையும், விளிம்பில் நிற்கிறவன் பார்த்துச் சொல்லாமல் வைக்கக் கூடாது என்பது அவர் தொழில். ராணி முகத்தைப் பொத்திக்கொண்டு மண்டியிட்டிருந்தார், அது வேஷமில்லை. ராஜா கண்ணை இறுக்கி மூடியிருந்தார். பார்த்துச் சொல்ல ஒருவருமில்லை.

நான் வேலாயுதத்தைக் கீழே சாய்த்து, ஜனத்துக்குக் கேட்காமல், நைனா இருந்த பக்கமாகச் சொன்னேன். “ஆரியா.”

என் பாதம் மேடைப் பலகையில் பட்டது எனக்கே தெரியவில்லை.

ஆட்டம் முடிந்து எல்லோரும் மணலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். வாத்தியார் மாமன் இலையில் குழம்பை ஊற்றினார். கயிறு அறுத்த உள்ளங்கையை நைனா நல்லெண்ணெயில் நனைத்துக்கொண்டிருந்தார். தன் இலையில் இருந்த வஞ்சிரத் துண்டை எடுத்து மாமன் இலையில் வைத்தார்.

“மச்சான், எத்தினியோ கப்பலு எறக்கிக்கீறேன்” என்றார் நைனா. “சரக்கே ஆரியான்னு சொல்லி இன்னிக்குத்தாண்டா கேட்டேன்.”